வேடம் போடும் பெட்டி: வீட்டு ரூட்டர் பிறந்த கதை

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவருக்குச் சுவரில் துளை போடுவதும், மஞ்சள் ஒயரை மாடிப்படி ஓரமாக இழுத்து வருவதும்தான் பெரிய வேலை. மிச்சம் ஐந்து நிமிடம். தன் செல்போனை ரூட்டரின் வைஃபையில் சேர்ப்பார், பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டுவார். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். ஒரு பக்கம் திறக்கும். அதில் பிபிபிஓஇ என்றிருப்பதைத் தொட்டு, அலுவலகத்திலிருந்து வாட்ஸாப்பில் வந்த பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு ‘சேவ்’ கொடுப்பார். பிறகுதான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “சார், வைஃபைக்கு என்ன பேர் வைக்கலாம்?” என்பார். மொத்த வேலையிலும் வீட்டுக்காரருக்குப் புரிகிற ஒரே கேள்வி அதுதான்.

அந்தப் பக்கத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன. யாருக்கும் டயல் செய்யாத கண்ணாடி இழை இணைப்புக்கு யூசர்நேமும் பாஸ்வேர்டும் எதற்கு? 192.168 என்ற எண் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒன்றாகவே இருந்தும் குழப்பம் வராதது எப்படி? எம்டியு என்ற கட்டத்தில் 1500 என்று முழுசாக இல்லாமல் 1492 என்று எதற்கு நிற்கிறது? ‘மேக் குளோன்’ என்ற பொத்தான் யாருக்காக? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தகராறு இருக்கிறது. ஒருவர் முடியாது என்றிருக்கிறார். இன்னொருவர் சுற்றுவழி கண்டுபிடித்திருக்கிறார். வீட்டு ரூட்டரை யாரும் உட்கார்ந்து முழுதாக யோசித்துச் செய்யவில்லை. வேறு யாரோபோல நடிக்கும் வித்தைகளை ஒவ்வொன்றாகப் பழக்கி, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்றார்கள்.

வம்சாவளியில் மூத்தது 1969-இல் பிறந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான ஆர்ப்பா, பல்கலைக்கழகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க நினைத்தது. ஆனால் ஒவ்வொரு பெரிய கணினியும் ஒவ்வொரு ரகம். எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் பேசக் கற்றுக்கொடுப்பதைவிட, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சின்னக் கணினியை வைத்து, செய்தி கடத்தும் வேலையை அதனிடம் விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவர் வெஸ்லி கிளார்க். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த பிபிஎன் நிறுவனம் ஹனிவெல் கணினி ஒன்றை மாற்றியமைத்து அதைச் செய்துகொடுத்தது. சின்னக் கணினி என்றுதான் பெயர். எடை 400 கிலோவுக்கு மேல். அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக்கு ‘லாகின்’ என்ற சொல்லை அனுப்பிப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. ‘நெட் வரல’ என்ற புகாருக்கு வயது இணையத்தின் வயதேதான்.

அடுத்த தலைமுறை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. வளாகத்தின் வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு வலையமைப்புகள் இருந்தன. அவற்றை இணைக்கும் மென்பொருளை பில் யீகர் எழுதினார். அங்கே பணியாற்றிய தம்பதியர் லென் போசாக்கும் சாண்டி லெர்னரும் 1984 டிசம்பரில் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கி, யீகரின் மென்பொருளிலிருந்து வளர்ந்த ரூட்டரை விற்றார்கள். இவையெல்லாம் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் வாங்குகிற சாமான். வீட்டில் ஒரு கணினி இருந்தாலே அதிசயமான காலத்தில் அங்கே ரூட்டருக்கு வேலை இல்லை.

வீட்டுப் பெட்டியின் உண்மையான பிறப்புக்குக் காரணம் ஒரு பஞ்சம். 1981 செப்டம்பரில் வெளிவந்த ஐபி நான்காம் பதிப்பின் விதிமுறை, ஒவ்வொரு முகவரிக்கும் 32 பிட் ஒதுக்கியது. கணக்குப் போட்டால் சுமார் 429 கோடி முகவரிகள். அன்றைக்கு அந்த வலையில் இருந்த கணினிகள் சில நூறு. ஆகவே கர்ணன் கையாகக் கொடுத்தார்கள். எம்ஐடி, ஃபோர்டு கார் கம்பெனி, ஹியூலெட் பக்கார்டு போன்றவற்றுக்குத் தலைக்கு ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள் கிடைத்தன. 90-களின் தொடக்கத்தில் பொதுமக்கள் உள்ளே வரத் தொடங்கியதும், இது தீர்ந்துவிடும் என்பது கணக்குத் தெரிந்தவர்களுக்கு வெளிச்சமானது. நிரந்தரத் தீர்வு, முகவரியின் நீளத்தையே கூட்டுவது. அதற்கு வருடக்கணக்காகும். அதுவரை என்ன செய்வது?

1994 மே மாதம், ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதிமுறை ஆவணங்களின் வரிசையில் 1631 வந்தது. கெல்ட் எகவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் எழுதியது. ஒரு நிறுவனத்துக்குள் ஆயிரம் கணினிகள் இருந்தாலும், ஒரே நேரத்தில் வெளியுலகோடு பேசுபவை கொஞ்சம்தான். ஆகவே உள்ளே எதையாவது போட்டுக்கொள்ளட்டும். வாசலைத் தாண்டும்போது மட்டும் ஓர் உண்மையான முகவரியாக மாற்றிவிடலாம் என்றது அது. நாட் என்று இன்று ரூட்டர் பக்கங்களில் மூன்றெழுத்தில் நிற்கும் சங்கதி இதுதான். இது குறுகிய காலத்துக்கான ஏற்பாடு என்று அதை எழுதியவர்களே முகப்பில் சொல்லிவிட்டார்கள். இதனால் வரக்கூடிய தொல்லைகளையும் மறைக்காமல் எழுதினார்கள்.

உள்ளே எதைப் போட்டுக்கொள்வது என்பதற்கு அதே ஆண்டு மார்ச்சில் இன்னொரு ஆவணம் வழிசெய்திருந்தது. மூன்று தொகுதி முகவரிகளை யாருக்கும் சொந்தமில்லாமல் ஒதுக்கிவைத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் சுவருக்குள் பயன்படுத்தலாம் என்றது. 10 என்று தொடங்குபவை ஒன்று; 172.16 முதல் 172.31 வரை ஒன்று, மூன்றாவது 192.168. இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. ஜூலையில் நான்கு பேர் சேர்ந்து, 10-ஆம் வலை தீங்கானது என்று தலைப்பிலேயே அடித்து ஒரு மறுப்பு ஆவணம் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கணினிக்கும் உலகில் வேறு எதற்கும் இல்லாத முகவரி உண்டு என்பதுதான் இணையத்தின் அஸ்திவாரம். அதை உடைக்கிறீர்கள், அதுவும் போதிய பொது விவாதம் இல்லாமல் உடைக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். கொள்கை அளவில் அவர்கள் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் பஞ்ச காலத்தில் கொள்கைக்கு மரியாதை குறைவு. 1996 பிப்ரவரியில் திருத்திய விதிமுறை ஆர்எஃப்சி 1918 ஆக வந்தபோது, மறுப்பு எழுதிய நால்வரில் முதல் பெயருக்குரிய எலியட் லியரின் பெயர் இதிலும் ஓர் ஆசிரியராக இருந்தது. தோற்றவர் கையெழுத்தோடு அமலுக்கு வந்த சட்டம்!

நாட் எப்படி நடக்கிறது என்பதை, நாற்பது வயது தாண்டிய தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையிலும் லெட்டர்பேடிலும் போன் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருப்பார்கள். போன் இருப்பது தெருமுனை மளிகைக் கடையில்; தெருவே அந்த எண்ணைத் தன் எண்ணாகச் சொல்லிக்கொள்ளும். ரூட்டர்தான் அந்த மளிகைக் கடை. உள்ளே 192.168.1.5 என்ற பெயரில் இருக்கும் லேப்டாப் ஒரு தளத்தைக் கேட்டால், அனுப்புநர் இடத்தில் ரூட்டர் தன் சொந்த முகவரியைப் போட்டு, கூடவே ஒரு போர்ட் எண்ணையும் எழுதி அனுப்புகிறது. அந்தப் போர்ட் எண் எந்தக் கணினிக்கானது என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து, உரியவரிடம் சேர்க்கிறது. போர்ட் எண்கள் 65,536 உண்டு என்பதால், ஒரே முகவரியில் ஒரு வீடென்ன, ஒரு விடுதியே பேசலாம்.

கடைக்காரருக்கும் ரூட்டருக்கும் ஒரு வித்தியாசம். வெளியூரிலிருந்து யாராவது அழைத்து ‘மூணாவது வீட்டு ஆளைக் கூப்பிடுங்க’ என்றால் கடைக்காரர் பையனை அனுப்புவார். ரூட்டர் அனுப்பாது. உள்ளிருந்து தொடங்காத பேச்சுக்கு அதன் அட்டவணையில் வரி இருக்காது. வந்ததை அப்படியே கீழே போட்டுவிடும். இதனால் நல்லது ஒன்று நடந்தது: வெளியிலிருந்து நோட்டம் பார்க்கிறவனுக்கு வீட்டுக் கணினிகள் தெரியாமல் போயின. கெட்டது ஒன்றும் நடந்தது: இரண்டு வீடுகள் நேராகப் பேசிக்கொள்ளும் வழி அடைபட்டது. வீடியோ அழைப்போ விளையாட்டோ கேமராவோ, எதுவானாலும் நடுவில் ஒரு நிறுவனத்தின் சர்வர் உட்கார்ந்து கைகோத்துவிட வேண்டிய நிலை வந்தது. எல்லாக் கணினியும் சமம் என்று தொடங்கிய இணையம், சிலர் கொடுக்கவும் பலர் கேட்கவுமான ஏற்பாடாக மாறியதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். இந்தச் சின்ன அட்டவணைக்கும் அதில் கணிசமான பங்குண்டு என்பது என் கட்சி. அமைப்புப் பக்கத்தில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்ற பகுதி இருக்கிறதே, அது ‘எனக்கொரு போன் வரும், வந்தால் சொல்லுங்கள்’ என்று கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கும் இடம்.

இது முதல் வேடம்: பத்துக் கணினியை ஒளித்துக்கொண்டு ஒற்றைக் கணினியாக நிற்பது. அடுத்த வேடத்தைத் தைத்துக்கொடுத்தவர்கள் டெலிபோன் கம்பெனிகள்.

டயல்-அப் காலத்தில் மோடம் ஓர் எண்ணை அழைக்கும். அந்தப் பக்கம் எடுத்ததும் இரு முனைக்கும் நடுவே பிபிபி என்ற நெறிமுறையில் பேச்சுத் தொடங்கும். பெயர் என்ன, கடவுச்சொல் என்ன, சரி, இந்தா முகவரி, கடிகாரம் ஓடுகிறது. பேசி முடித்து வைத்ததும் கணக்கு. யார், எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் சர்வர்களை கம்பெனிகள் நிறையச் செலவழித்து நிறுவியிருந்தன. 90-களின் இறுதியில் டிஎஸ்எல் வந்தது. பழைய செம்புக் கம்பியிலேயே, பேச்சுக்குப் பயன்படாத உயர் அலைவரிசைகளில் தகவலை அனுப்பும் முறை. கம்பி எப்போதும் உயிரோடு இருக்கும். அழைக்க எண் இல்லை, எடுத்துப் பேச ஆள் இல்லை. மோடத்திலிருந்து கணினிக்கு ஈதர்நெட் கேபிள் போகும். ஈதர்நெட்டோ ஓர் அலுவலகத்துக்குள் பழகியவர்களுக்காகப் பிறந்தது; செருகினால் உள்ளே வந்தாயிற்று, நீ யார் என்று அது கேட்பதில்லை. பில் போடும் இலாகாவுக்கு இது பெரிய சங்கடம்.

புதிய கணக்கு முறையை உருவாக்குவதற்குப் பதிலாக, புதிய கம்பியைப் பழைய டெலிபோன் அழைப்புபோல நடிக்கவைத்தார்கள். யுயுநெட், ரெட்பேக் நெட்வொர்க்ஸ், ரூட்டர்வேர் ஆகிய மூன்று நிறுவனத்தினர் எழுதிய ஆர்எஃப்சி 2516, 1999 பிப்ரவரியில் வந்தது. ஈதர்நெட்டின் மேல் பிபிபி, சுருக்கமாக பிபிபிஓஇ. உங்கள் ரூட்டர் முதலில் ‘இங்கே சேவை தருபவர் யாராவது உண்டா’ என்று பொதுவாகக் கூவுகிறது. கம்பெனிக் கருவி ‘நான் இருக்கிறேன்’ என்கிறது. ‘அப்படியானால் ஓர் இணைப்புக் கொடு’ என்கிறது ரூட்டர். அது ஓர் எண் கொடுக்கிறது. அதன் பிறகு பழைய டயல்-அப் நாடகம் அட்சரம் பிசகாமல் நடக்கிறது: பெயர், கடவுச்சொல், முகவரி. அந்த ஆவணம் தரநிலையாகக்கூட வெளியிடப்படவில்லை. தகவலுக்காக என்ற வகையில்தான் வந்தது. இன்று நம் ஊர் கேபிள் ஆபரேட்டர்கள் பலர் தரும் இணைப்பு அதில்தான் ஓடுகிறது.

அந்த 1492-க்கும் விடை இங்கேதான். ஓர் ஈதர்நெட் பொட்டலத்தில் அடங்குவது 1500 பைட். பிபிபிஓஇ தன் வேடத்துக்கு 6 பைட்டும், உள்ளிருக்கும் பிபிபி 2 பைட்டும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 1492. எட்டு பைட்டில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் 1500 பைட் பொட்டலம் எதிரிலிருந்து வந்து இடுக்கில் சிக்கி, ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு’ என்ற தகவல் திரும்பிப் போகும் வழியை யாராவது பாதுகாப்பு என்ற பெயரில் அடைத்திருந்தால், சில தளங்கள் மட்டும் பாதி திறந்து அப்படியே நிற்கும். மற்றதெல்லாம் ஓடும். பல வீடுகளில் ரூட்டரை மாற்றியும் ஒயரை மாற்றியும் தீராத வியாதி இது; தீர்ப்பது அந்த எம்டியு கட்டத்தில் உள்ள ஓர் எண்.

அமெரிக்காவில் இன்னொரு வழியாகவும் அதிவேக இணைப்பு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது: கேபிள் டிவி ஒயர். அவர்களுக்குப் பாஸ்வேர்டு வேண்டியிருக்கவில்லை. வேறு பிடி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படும் 48 பிட் மேக் எண் உண்டு. சில கம்பெனிகள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த அட்டைக்கு மட்டும் கதவு திறந்தன. வீட்டில் இரண்டாவது கணினி இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். ஒரே இணைப்பைப் பகிர்வதைத் திருட்டு என்று கருதியவர்களும் அவர்களில் உண்டு. இதற்குப் பதிலடிதான் மேக் குளோன் பொத்தான். அழுத்தினால் ரூட்டர் உங்கள் கணினியின் மேக் எண்ணையே தன் வெளி முகத்தில் போட்டுக்கொள்ளும். கம்பெனிக்குப் பழைய ஆளே நிற்பதாகத் தெரியும். மூன்றாவது வேடம் அது. மூன்றிலும் எனக்குப் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் அது ஒன்றுதான் வாடிக்கையாளருக்காகப் போட்ட வேடம்.

இந்த வித்தைகளையெல்லாம் முதலில் செய்துபார்த்தவர்கள் வீட்டில் பழைய கணினி வைத்திருந்த ஆர்வலர்கள். இரண்டு நெட்வொர்க் அட்டை செருகி, லினக்ஸ் ஏற்றி, ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலும் இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. ஆனால் அந்தக் கணினியை அணைத்தால் வீட்டுக்கே இணையம் போய்விடும். இதைக் கடையில் விற்கும் பெட்டியாக்கி வெற்றி கண்டவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள், தைவானிலிருந்து குடியேறிய விக்டர் ட்ஸாவ், ஜேனி ட்ஸாவ் தம்பதியர். கலிபோர்னியாவின் இர்வைனில் தங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் 1988-இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் லிங்க்சிஸ். ஆரம்பத்தில் கணினிகளையும் பிரிண்டர்களையும் இணைக்கும் சாமான்கள் விற்றார்கள். நூற்றாண்டு முடியும் தறுவாயில், கேபிளுக்கும் டிஎஸ்எல்லுக்கும் பொதுவான ரூட்டரைக் கொண்டுவந்தார்கள். பின்னால் வெளியே போக ஒரு துளை, வீட்டுக்குள் நான்கு துளை. விலை சுமார் 200 டாலர்.

அந்தப் பெட்டியின் பெரிய சாமர்த்தியம் அதை அமைக்கும் முறையில் இருந்தது. பெரிய ரூட்டர்களுக்குக் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யவேண்டும். படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் செய்யும் வேலை. இதற்கு பிரவுசரே போதும். பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டி வலைத்தளம் உட்கார்ந்திருக்கும், முகவரி 192.168.1.1. நெட்கியரும் டி-லிங்க்கும் 192.168.0.1 என்று வைத்துக்கொண்டன. கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி, ரால்ஃப் டிரோம்ஸ் என்ற பேராசிரியரின் உழைப்பில் 1993-இலேயே விதிமுறையாக வந்திருந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே என்று கையால் அடிக்கவேண்டும், ஓர் எண் பிசகினால் அன்றைய பொழுது போயிற்று. அந்தச் சுமையும் பெட்டிக்குள் போய்விட்டது. பொருளை வாங்கிக்கொண்டு போகிறவர் கடைக்குப் போன் செய்யாமல் இருக்கவேண்டும் என்பதுதான் ஒரே இலக்கு. ஆகவே பாஸ்வேர்டும் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றே: அட்மின். அதை யாரும் மாற்றவில்லை, மாற்றச் சொல்லிப் பெட்டி கட்டாயப்படுத்தவும் இல்லை.

2003-இல் சிஸ்கோ சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து லிங்க்சிஸை வாங்கியது. அந்த நேரத்தில் கடைகளில் ஓடிக்கொண்டிருந்த நீலமும் கருப்புமான டபிள்யூஆர்டி54ஜி என்ற மாடலுக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை விற்றால் மாற்றிய மூலநிரலையும் தரவேண்டும் என்பது அதன் உரிமம். கேட்டார்கள், வாதாடினார்கள், அதே ஆண்டு மூலநிரல் வெளிவந்தது. அதைத் தொட்டுத்தான் 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள் திட்டம் பிறந்தது. இன்று விற்கும் பல ரூட்டர்களின் உள்ளே அதன் வழித்தோன்றல்கள் உண்டு.

ஆண்டெனா எப்போது முளைத்தது? அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல், மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை இரைச்சல் போடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நெதர்லாந்தில் என்சிஆர் நிறுவனத்தில் இருந்த விக் ஹேய்ஸ் தலைமையிலான குழு, 1997-இல் 802.11 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 ஆனது. அந்த ஆண்டு ஜூலையில் ஆப்பிள் 299 டாலருக்கு வெளியிட்ட ஏர்போர்ட் பெட்டியில் மோடம், நாட், வைஃபை மூன்றும் ஒன்றாக இருந்தன. பறக்கும் தட்டு மாதிரி உருவம் வைத்து அதை ரூட்டர் என்று சொல்லாமலே விற்றார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எல்லாம் டயல்-அப். பத்து ஆண்டு கழித்து, 2005 ஜனவரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்ற பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பிராட்பேண்ட் என்றால் விநாடிக்கு 256 கிலோபிட் என்று 2004-ஆம் ஆண்டுக் கொள்கை வரையறுத்திருந்தது; இன்று ஒரு வாட்ஸாப் வீடியோ அந்த வேகத்தில் வந்து சேர்வதற்குள் காபி ஆறிவிடும். அன்று அது தேவலோகம்.

அந்த நாட்களில் பல வீடுகளில் மோடம் வெறும் பாலமாக மட்டும் இருக்கும். வேடம் போடும் வேலை கணினியில். விண்டோஸ் எக்ஸ்பியிலேயே பிபிபிஓஇ வசதி இருந்ததால், மேசைத்திரையில் ‘பிராட்பேண்ட்’ என்று ஒரு ஐகான் வைத்துக் கொடுப்பார்கள். இரட்டை சொடுக்கு, கனெக்ட், வேலை முடிந்ததும் மறக்காமல் டிஸ்கனெக்ட். மாதத்துக்குச் சில நூறு எம்பிதான் அளவு என்ற திட்டங்களில், மறந்தால் பில் எகிறும். ஒரு குறிப்பிட்ட திட்டத்தில் அதிகாலை 2 முதல் 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. ஒரு தலைமுறை எஞ்சினீயரிங் மாணவர்கள் அலாரம் வைத்து எழுந்தது படிப்பதற்காக என்று பெற்றோர் நம்பினார்கள். பிறகு அந்த லாகின் வேலையை மோடத்துக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம் என்று விஷயம் தெரிந்த பையன் ஒருவன் தெருவுக்குத் தெரு முளைத்தான். மோடத்தின் அமைப்புப் பக்கம் கேட்கும் விபிஐ 0, விசிஐ 35 என்ற எண்கள் அவனுக்கு மனப்பாடம். மோடம் தானாக லாகின் செய்துகொண்டு எப்போதும் இணைப்பில் இருந்தது. வீட்டு ரூட்டர் என்ற பொருள் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்குள் நுழைந்தது இப்படித்தான், மோடம் என்ற பழைய பெயரிலேயே. இன்றும் பாதிப்பேர் அதை அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிறவியோடு வந்த கோளாறுகள் பின்னால் வெடித்தன. வைஃபைக்கு முதலில் வந்த வெப் என்ற பூட்டு 2001-இலேயே உடைபட்டது. 2016 இலையுதிர் காலத்தில் மிராய் என்ற தீநிரல் அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் சுற்றியது. அட்மின்–அட்மின் அதில் ஒரு ஜோடி. கேமராக்களும் ரூட்டர்களும் லட்சக்கணக்கில் அதற்கு அடிமையாயின. அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் டிவிட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. அடுத்த மாதம், கம்பெனிகள் தூரத்திலிருந்தே ரூட்டரை அமைக்க உதவும் டிஆர்-069 என்ற ஏற்பாட்டின் வாசலைத் தட்டிய தாக்குதலால், ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர் சுமார் 9 லட்சம் பேர் இணைப்பிழந்தார்கள். 2017 ஜூலையில் நம் பக்கத்தில் கர்நாடகத்தில் பிஎஸ்என்எல் மோடங்கள் படுத்தன. அட்மின்–அட்மினை மாற்றாமல் வைத்திருந்தவை அவை. இதன் பிறகுதான் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பாஸ்வேர்டு வேண்டும் என்று சட்டங்கள் வந்தன. கலிபோர்னியாவில் 2020-இல், பிரிட்டனில் 2024-இல்.

தற்காலிகம் என்று வந்த நாட் இன்னும் போகவில்லை. நிரந்தரத் தீர்வான ஐபி ஆறாம் பதிப்பின் முதல் விதிமுறை 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பழைய முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தும் போனது. கம்பெனிகள் என்ன செய்தன? வீட்டுக்குள் நடந்த வேடத்தைத் தெருவுக்கே விரித்தன. இப்போது பல வீடுகளின் ரூட்டருக்கு வெளி முகவரியும் உண்மையானதல்ல. அதற்கு மேலே கம்பெனியில் இன்னொரு பெரிய நாட் இருக்கிறது. இதற்கென்றே 2012-இல் ஒரு தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் அந்த இரட்டைக் கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேராகப் பார்க்க முடியவில்லை என்று டெக்னீஷியனோடு சண்டை போடவேண்டாம். அவர் கையில் ஒன்றும் இல்லை. ஸ்டாடிக் ஐபி தருவார்களா, எவ்வளவு கட்டணம் என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

கேட்கும்போதே, உங்கள் பிபிபிஓஇ யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இடியில் போனால் புதியதை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்; ஞாயிற்றுக்கிழமை ஆள் வரக் காத்திருக்கவேண்டாம். கூடவே, இன்று ஒரு முறை உள்ளே போய் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ திறந்திருந்தால் மூடுங்கள், புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. விருந்தாளிக்கு அதைச் சொல்லலாம், இதைச் சொல்லாதீர்கள்.